பகிர்வுக் கோப்புறையில் எழுதும் அனுமதியை முறையாக அமைப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான்: அலுவலகச் சர்வரில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, 'எவ்ரிஒன்' என்ற குழுவுக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்த பிறகும், ஒவ்வொருவராலும் தாம் உருவாக்கிய கோப்பை மட்டுமே திருத்த முடிகிறது, சக ஊழியர் உருவாக்கிய கோப்பைத் திறந்து சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று செய்தி வருகிறது. கணக்குப் பிரிவினர் எழுத வேண்டும், தணிக்கைப் பிரிவினர் வாசித்தால் மட்டும் போதும், மேல்மட்டக் கோப்புறைகளை எவரும் தவறுதலாக நீக்கவோ இழுத்து வேறிடத்தில் போடவோ கூடாது என்பவை கேட்டவரின் தேவைகள். சர்வரில் இருப்பது விண்டோஸா லினக்ஸா என்று அவர் குறிப்பிடவில்லை. இந்த அறிகுறி இரண்டிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி தோன்றும் என்பதால் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸில்தான் சொல்ல வேண்டியது அதிகம்.

முதலில் தெளிவாக வேண்டியது, விண்டோஸில் எழுதும் அனுமதி ஒரே இடத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை என்பது. கோப்புறையின் பண்புகளைத் திறந்தால் 'ஷேரிங்' என்று ஒரு தாவலும் 'செக்யூரிட்டி' என்று ஒரு தாவலும் இருக்கும். முன்னதில் அமைப்பது பகிர்வு அனுமதி. அதில் 'ரீட்', 'சேஞ்ச்', 'ஃபுல் கன்ட்ரோல்' என மூன்றே நிலைகள் உண்டு. பின்னதில் அமைப்பது என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமையின் அனுமதி. அது ஒவ்வொரு கோப்போடும் கோப்புறையோடும் சேர்ந்தே இருப்பது, மிக நுட்பமாகப் பிரித்துக் கொடுக்கக்கூடியது. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் கடந்தாக வேண்டும். வெளிக்கேட்டை விரியத் திறந்து வைத்துவிட்டு அறைக் கதவைப் பூட்டி வைத்தால் வந்தவர் தாழ்வாரத்தில்தான் நிற்பார். இரண்டு அனுமதிகளில் எது குறைவோ அதுவே அவருக்குக் கிடைக்கும். சர்வரின் முன்னாலேயே அமர்ந்து உள்நுழைந்தவருக்கோ பகிர்வு அனுமதி குறுக்கிடுவதே இல்லை. ஆகவே சர்வரிலேயே உட்கார்ந்து கோப்பைத் திறந்து சேமித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுக்கு வருவதில் பொருளில்லை.

இப்போது அறிகுறிக்கு வருவோம். 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' என்று கேட்டவர் கொடுத்தது பகிர்வு அனுமதியில் மட்டும். செக்யூரிட்டி தாவலை அவர் தொடவில்லை என்றால், அங்கே இருப்பது அந்த டிரைவிலிருந்து மரபாக இறங்கி வந்த அனுமதிகள். சர்வர் பதிப்புகளில் புதிதாக ஃபார்மட் செய்த டிரைவில், 'யூசர்ஸ்' குழுவுக்கு வாசிக்கும் உரிமையும், உட்கோப்புறைகளில் புதிய கோப்புகளை உருவாக்கும் உரிமையும் தரப்பட்டிருக்கும். கூடவே 'கிரியேட்டர் ஓனர்' என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பொருள், எவர் ஒரு கோப்பை உருவாக்குகிறாரோ அவருக்கு அதன்மேல் முழு உரிமை என்பதாகும். எனவே ஒருவர் கோப்பை உருவாக்கினால் அவர் அதைத் திருத்தலாம், நீக்கலாம். பக்கத்து மேசைக்காரர் அதைத் திறந்து வாசிக்க மட்டுமே முடியும். கேள்வியில் சொல்லப்பட்டது இதுவேதான். பகிர்வு அனுமதியில் எத்தனை முறை 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தாலும் இது மாறாது.

பகிர்வு அனுமதியை எப்படி வைக்கலாம் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. பகிர்வு நிலையிலேயே ஆட்களைப் பிரித்து, என்.டி.எஃப்.எஸ். நிலையிலும் மறுபடி பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்பது அவர்கள் வாதம். என் அனுபவத்தில் இரட்டிப்பாவது குழப்பம்தான்; ஓர் அனுமதி மறுக்கப்பட்டால் எந்த நிலை மறுத்தது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். பகிர்வு நிலையை அகலமாக விட்டுவிட்டு, பிரிப்பது முழுவதையும் என்.டி.எஃப்.எஸ். அனுமதியில் செய்வதே நல்லது. ஆனால் அகலம் என்றால் 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' அல்ல. 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவுக்கு 'சேஞ்ச்' கொடுங்கள். 'எவ்ரிஒன்' வரியை எடுத்துவிடுங்கள். 'எவ்ரிஒன்' என்பதில் 'கெஸ்ட்' கணக்கும் அடங்கும், 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்பதில் அடங்காது. 'சேஞ்ச்' போதும் என்பதற்குக் காரணம், கோப்பின் உரிமையாளருக்கு அதன் அனுமதிப் பட்டியலையே மாற்றும் உரிமை இயல்பாகவே உண்டு என்பது. பகிர்வு நிலையில் 'ஃபுல் கன்ட்ரோல்' இருந்தால், தாம் உருவாக்கிய கோப்புறையில் மற்றவர்களை நீக்கிவிட்டுத் தம்மை மட்டும் வைத்துக்கொள்ள ஓர் ஊழியரால் நெட்வொர்க் வழியாகவே முடியும். 'சேஞ்ச்' என்று நிறுத்தினால் எழுதலாம், மாற்றலாம், நீக்கலாம். அனுமதிகளில் கைவைக்க முடியாது. நிர்வாகிகளின் குழுவுக்கு மட்டும் 'ஃபுல் கன்ட்ரோல்' தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அனுமதியை யார் பெயரில் எழுதுவது? எந்தக் கோப்புறையிலும் தனிநபர் பெயர் வரவே கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்புறைக்கு இரண்டு குழுக்கள் போதும்: எழுதுவோர் குழு ஒன்று, வாசிப்போர் குழு ஒன்று. 'கணக்கு_எழுதுவோர்', 'கணக்கு_வாசிப்போர்' என்பதுபோல் கோப்புறையின் பெயரையும் உரிமையையும் சேர்த்துப் பெயரிட்டால், இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிதாக வரும் நிர்வாகிக்குக்கூட விளக்கம் தேவைப்படாது. ஆக்டிவ் டைரக்டரி, அதாவது அலுவலகக் கணக்குகளையும் குழுக்களையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி, இருக்கும் இடத்தில், ஆட்களை அவர்களின் பிரிவுக்குரிய குளோபல் குழுவில் சேர்த்து, அந்தக் குழுவை, டொமைன் லோக்கல் வகையில் உருவாக்கிய மேற்சொன்ன எழுதுவோர் அல்லது வாசிப்போர் குழுவுக்குள் வைத்து, அனுமதியை டொமைன் லோக்கல் குழுவுக்கு மட்டும் கொடுப்பது வழக்கமான முறை. சிறிய அலுவலகத்துக்கு இந்த இரண்டடுக்கு மிகை என்று தோன்றலாம். ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் ஓரடுக்கே போதும்தான். ஆனால் தனிநபர் பெயரை நேரடியாக எழுதுவதற்கு அது சாக்காகக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு நீக்கப்பட்ட பிறகு, செக்யூரிட்டி தாவலில் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் வரிசை ஒன்று நிற்கும். அது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

குழுவில் ஒருவரைச் சேர்த்தவுடன் அவருக்கு அனுமதி வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒருவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியல் அவர் உள்நுழையும் தருணத்தில் தயாராகிறது. வேலை நேரத்தின் நடுவே சேர்த்தால், அவர் கணினியை விட்டு வெளியேறி மறுபடி உள்நுழையும் வரை பழைய பட்டியலே செல்லும். சேர்த்துவிட்டேன், இன்னும் வரவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். திரையைப் பூட்டித் திறப்பதை வெளியேறி உள்நுழைவதாக எண்ணிக்கொள்பவர்களும் உண்டு.

எழுதுவோர் குழுவுக்கு என்.டி.எஃப்.எஸ். நிலையில் எதைக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் 'ரைட்' என்று ஒன்றும் 'மாடிஃபை' என்று ஒன்றும் இருக்கும். எழுதத்தானே வேண்டும் என்று 'ரைட்' மட்டும் கொடுத்தால், புதிய கோப்பை உருவாக்கவும் இருப்பதில் எழுதவும் உரிமை கிடைக்கும். நீக்கும் உரிமை அதில் இல்லை. நீக்காமல் இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். வேர்டு கோப்பு ஒன்றைச் சேமிக்கும்போது திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்தால் சிக்கல் புரியும். திறந்தவுடனே, அதே கோப்புறையில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த சிறிய மறைகோப்பு ஒன்று உருவாகிறது. இன்னார் இதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காக. சேமி என்று அழுத்தியதும் வேர்டு பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகப் பெயரில் ஒரு கோப்பாக எழுதி, பழைய கோப்பின் பெயரை மாற்றி, தற்காலிகக் கோப்புக்கு அசல் பெயரைச் சூட்டி, கடைசியில் பழையதை நீக்குகிறது. எக்செல் செய்வதும் இதே வகையில்தான். பெயர் மாற்றுவதற்கும் நீக்கும் உரிமை வேண்டும். ஆகவே அந்த உரிமை இல்லாதவருக்கு நடுவழியில் அனுமதி மறுக்கப்பட்டு, சேமிப்பு தோற்று, கோப்புறை முழுவதும் டி.எம்.பி. என்று முடியும் குப்பைக் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும். நோட்பேடில் சோதித்துப் பார்த்தால் பிரச்சினையே தெரியாது, ஏனெனில் நோட்பேடு கோப்பின் மேலேயே எழுதுகிறது.

எனவே எழுதுவோருக்கு 'மாடிஃபை' கொடுங்கள். வாசிப்போருக்கு 'ரீட் அண்ட் எக்ஸிகியூட்' போதும். 'ஃபுல் கன்ட்ரோல்' நிர்வாகிகளுக்கும் விண்டோஸே பயன்படுத்தும் 'சிஸ்டம்' கணக்குக்கும் மட்டும். திருத்தலாம், ஆனால் நீக்கக் கூடாது என்ற கோரிக்கை மேலாளர்களிடமிருந்து அடிக்கடி வரும். அலுவலக ஆவணங்களைப் பொறுத்தவரை அதை அனுமதியால் நிறைவேற்ற முடியாது என்பதே நேர்மையான பதில். முடிந்தாலும் பயனில்லை, உள்ளடக்கம் முழுவதையும் அழித்துவிட்டுச் சேமித்தால் நீக்கியதற்குச் சமம்தானே? அதற்குரிய மருந்து விண்டோஸ் சர்வர் 2003 முதல் உள்ள ஷேடோ காப்பி வசதி. அதை இயக்கி வைத்தால், கோப்பின் மீது வலது சொடுக்கிட்டு முந்தைய பதிப்புகளை ஊழியரே மீட்டுக்கொள்ளலாம். அது காப்புநகலுக்கு மாற்று அல்ல. அதே சர்வரில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மேல்மட்டக் கோப்புறைகளைக் காப்பது வேறு விஷயம். அதை அனுமதியால் மிக நேர்த்தியாகச் செய்யலாம். சுட்டியால் இழுக்கும்போது கை நழுவி, 'கணக்கு' என்ற கோப்புறை முழுவதும் பக்கத்திலிருக்கும் 'பணியாளர்' கோப்புறைக்குள் விழுந்துவிடுவது எல்லா அலுவலகத்திலும் நடப்பது. ஒரு கோப்புறையை நகர்த்த அதன்மேல் நீக்கும் உரிமை வேண்டும். அந்த உரிமையை அந்தக் கோப்புறையின் மேல் கொடுக்காமல், அதற்குள் இருப்பவற்றின் மேல் மட்டும் கொடுத்தால் வேலை முடிந்தது. செக்யூரிட்டி தாவலில் 'அட்வான்ஸ்டு' என்பதைத் திறந்து, எழுதுவோர் குழுவுக்கு இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். முதல் வரியில் 'மாடிஃபை' கொடுத்து, எதற்குப் பொருந்தும் என்ற இடத்தில் உட்கோப்புறைகளும் கோப்புகளும் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது வரியில் 'ரீட் அண்ட் எக்ஸிகியூட்' உரிமையோடு கோப்பு உருவாக்குதல், கோப்புறை உருவாக்குதல் ஆகிய இரண்டை மட்டும் டிக் செய்து, இந்தக் கோப்புறைக்கு மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். இதன்பின் உள்ளே எதையும் செய்யலாம். 'கணக்கு' கோப்புறையை நகர்த்தவோ பெயர் மாற்றவோ நீக்கவோ போனால் மறுக்கப்படும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே இருக்கும் தாய்க் கோப்புறையில் அதே குழுவுக்கு உட்கோப்புறைகளையும் கோப்புகளையும் நீக்கும் உரிமை இருந்தால், நீங்கள் கீழே காத்தது வீண். தாய்க் கோப்புறையின் அந்த ஒற்றை உரிமை, சேய்க் கோப்புறையின் மேல் நீக்கும் உரிமை இல்லாவிட்டாலும் நீக்க அனுமதிக்கும். அந்த உரிமை 'ஃபுல் கன்ட்ரோல்' என்பதற்குள் அடங்கியது, 'மாடிஃபை' என்பதற்குள் அடங்காது. பகிர்வின் வேரில், அதாவது பகிரப்பட்ட முதல் கோப்புறையில், பொதுவான பயனர்களுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் வைப்பது இதனால்தான்.

மறுக்கும் அனுமதியான 'டினை' பற்றி ஒரு சொல். அதைப் பயன்படுத்தாமலே இருந்துவிடுங்கள். ஒருவர் பல குழுக்களில் இருந்தால் அவற்றின் அனுமதிகள் ஒன்றோடொன்று கூடும். ஆனால் எங்கேனும் ஒரு 'டினை' இருந்தால் அது பொதுவாக முந்திக்கொள்ளும். வாசிப்போர் எழுதக் கூடாது என்பதற்காக அவர்களுக்கு எழுதுவதை 'டினை' செய்தால், இரண்டு குழுவிலும் இருக்கும் மேலாளர் முதலில் மாட்டிக்கொள்வார். 'யூசர்ஸ்' குழுவுக்கு 'டினை' கொடுத்தால் நிர்வாகியும் அதில் அடங்கக்கூடும். பொதுவாக என்று சொன்னதற்குக் காரணம், அந்தக் கோப்பிலேயே நேரடியாக எழுதப்பட்ட 'அலவ்', மேலிருந்து மரபாக வந்த 'டினை'யை வெல்லும் என்ற விதியும் இருப்பது. இத்தனை விதிகளை ஒரு புகார் வரும்போது தலையில் வைத்துக் கணக்கிடுவதைவிட, கொடுக்காததெல்லாம் இல்லை என்ற எளிய நிலையில் நிற்பது நல்லது.

மேலிருந்து அனுமதி தானாக இறங்கி வரும் மரபுரிமையைத் துண்டிப்பதும் அதேபோலக் குறைவாகவே இருக்க வேண்டும். பகிர்வின் வேரில் ஒருமுறை துண்டித்து, தேவையில்லாமல் டிரைவிலிருந்து இறங்கி வந்த 'யூசர்ஸ்' வரிகளை நீக்குங்கள். ஒவ்வொரு பிரிவின் மேல்மட்டக் கோப்புறையிலும் அந்தப் பிரிவின் குழுக்களைச் சேருங்கள். அதற்குக் கீழே அனுமதி தானாக இறங்கட்டும். நான்காவது ஐந்தாவது அடுக்கில், இந்த ஒரு கோப்புறை மட்டும் இன்னாருக்குத் தெரியக் கூடாது என்று கேட்டால், அந்தக் கோப்புறையை வெளியே எடுத்து மேல்மட்டத்தில் தனியாக வையுங்கள். ஒரு கோப்புறைக்கு ஒரே வாசகர் கூட்டம், ஒரே எழுத்தாளர் கூட்டம் என்று கோப்புறை அமைப்பையே திருத்திக்கொள்ளாமல், அனுமதிகளை வளைத்து வளைத்துச் சமாளிக்கும் சர்வரைச் சில ஆண்டுகளில் எவராலும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. தமக்கு உரிமை இல்லாத கோப்புறைகள் கண்ணிலேயே படக் கூடாது என்றால், பகிர்வின் அமைப்பில் ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன் என்ற வசதியை இயக்கினால் போதும்.

அனுமதிகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, ஒரே பகிர்வுக்குள் கோப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துவது. நகலெடுத்தால் புதிய கோப்பு உருவாவதால் அது சேரும் இடத்தின் அனுமதியைப் பெறும். நகர்த்தினாலோ, அதே டிரைவில் பெயர் மட்டுமே மாறுவதால், புறப்பட்ட இடத்தின் அனுமதியைச் சுமந்துகொண்டே போய்ச் சேரும். கணக்குப் பிரிவின் கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு நகர்த்திய பிறகும் மற்றவர்களால் திறக்க முடியவில்லை என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். 'அட்வான்ஸ்டு' பகுதியில், கீழுள்ள எல்லாவற்றின் அனுமதியையும் இங்கிருந்து மாற்று என்ற பெட்டியை டிக் செய்தால் சரியாகும்; ஆனால் கீழே வேண்டுமென்றே வைத்த விதிவிலக்குகளும் அதோடு அழிந்துபோகும். இரண்டாவது பழக்கம் நிர்வாகிகளுடையது. சர்வரில் எக்ஸ்புளோரரில் ஒரு கோப்புறையைத் திறக்கும்போது, இப்போது உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரலாமா என்று கேட்கும். 'கன்டினியூ' அழுத்தினால் அந்த நிர்வாகியின் தனிப்பெயர் அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் நிரந்தரமாக எழுதப்பட்டுவிடும். கோப்புகளைப் பராமரிப்பவர்களுக்கெனத் தனிக் குழு ஒன்றை உருவாக்கி அதற்கு உரிமை கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இனி லினக்ஸும், அதன் கோப்புறைகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருளான சாம்பாவும். நாஸ் எனப்படும், நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் இருப்பது இதுதான். இங்கும் இரண்டு நிலைகள்: சாம்பாவின் அமைப்புக் கோப்பில் பகிர்வுக்கு எழுதப்படும் விதி, அதன் அடியில் லினக்ஸ் கோப்பு முறைமையின் விதி. பகிர்வில் ஒன்றுமே சொல்லாவிட்டால் சாம்பா அதை வாசிக்க மட்டும் என்றே எடுத்துக்கொள்ளும்; 'ரீட் ஒன்லி' என்பதற்கு 'நோ' என்று எழுத வேண்டும். எழுதிய பிறகும் கேள்வியில் உள்ள அதே அறிகுறி வருவதற்குக் காரணம் 'கிரியேட் மாஸ்க்'. அதன் இயல்பு மதிப்பு 0744. முன்னால் உள்ள 0-ஐ விட்டால், மற்ற மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரின் உரிமை. நடுவில் நிற்கும் 4, குழுவுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் என்கிறது. அதாவது ஒருவர் உருவாக்கும் கோப்பிலிருந்து குழுவின் எழுதும் உரிமையை இந்த முகமூடி கழித்துவிடுகிறது. கோப்புறைகளுக்குரிய 'டைரக்டரி மாஸ்க்' 0755. அங்கும் அதே கதை. ஷெல்லில், புதிய கோப்புகளின் இயல்பு அனுமதியைத் தீர்மானிக்கும் 'உமாஸ்க்' மதிப்பை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. சாம்பா வழியாக வரும் கோப்புகளுக்கு அதனால் பயனில்லை.

சரிசெய்வதற்கு, பகிர்வுக் கோப்புறையை ஒரு பொதுக் குழுவுக்கு உரியதாக்கி, அதன் மோடை, அதாவது அனுமதி எண்ணை, 2770 என்று வையுங்கள். முன்னால் நிற்கும் 2, உள்ளே உருவாகும் எதுவும் உருவாக்கியவரின் முதன்மைக் குழுவுக்குப் போகாமல் கோப்புறையின் குழுவுக்கே உரியதாக வேண்டும் என்பதைக் குறிக்கும். பிறகு அமைப்புக் கோப்பில் 'கிரியேட் மாஸ்க்', 'ஃபோர்ஸ் கிரியேட் மோட்' இரண்டையும் 0660 என்றும், 'டைரக்டரி மாஸ்க்', 'ஃபோர்ஸ் டைரக்டரி மோட்' இரண்டையும் 2770 என்றும் எழுதுங்கள். 'மாஸ்க்' கழிப்பது, 'ஃபோர்ஸ்' கூட்டுவது. இரண்டையும் சேர்த்து எழுதினால் மதிப்பு உறுதியாக நிற்கும். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளுக்கு இவை பொருந்தாது; அவற்றை ஒருமுறை 'சிஎச்மோட்' கட்டளையால் தனியே திருத்த வேண்டும்.

வாசிப்போரையும் எழுதுவோரையும் பிரிக்க, விண்டோஸுக்கு நான் சொன்னதற்கு நேர்மாறான வழியை இங்கே பரிந்துரைப்பேன். பிரிவுக்கு ஒரு பகிர்வு என்று வைத்துக்கொண்டு, 'வேலிட் யூசர்ஸ்' வரியில் இரண்டு குழுக்களையும் எழுதி, 'ரீட் ஒன்லி' என்பதை 'யெஸ்' என்றே விட்டு, 'ரைட் லிஸ்ட்' வரியில் எழுதுவோர் குழுவை மட்டும் குறிப்பிட்டு, 'ஃபோர்ஸ் குரூப்' வரியில் கோப்புறைக்கு உரிய பொதுக் குழுவை எழுதினால் போதும். வருகிறவர் அனைவரும் கோப்பு முறைமையின் கண்ணில் அந்தப் பொதுக் குழுவினராகவே தெரிவார்கள். எழுதலாமா கூடாதா என்பதைப் பகிர்வு நிலை தீர்மானிக்கும். லினக்ஸின் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று பிரிவுக்குள் இரண்டு குழுக்களுக்கு வெவ்வேறு உரிமை கொடுக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன்: தொலைவிலிருந்து கட்டளைகள் இடப் பயன்படும் எஸ்.எஸ்.எச். வழியாக நேரே சர்வருக்குள் வருபவர்களை இது கட்டுப்படுத்தாது, ஒரே பகிர்வுக்குள் பல பிரிவுகள் இருந்தாலும் போதாது. அப்போது 'செட்ஃபேக்கிள்' (setfacl) கட்டளையைக் கொண்டு, பல குழுக்களுக்குத் தனித்தனி உரிமை தரும் இயல்பு அனுமதிப் பட்டியல்களை அமைக்க வேண்டும். மாற்றங்களைச் செய்தபின் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டினால் எழுத்துப்பிழை உள்ள வரிகளை அது காட்டிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சாம்பா மறுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். பகிர்வுக்கு மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் கடந்து செல்லும் உரிமை, அதாவது எக்ஸிகியூட் பிட், இருக்கிறதா. ஃபெடோரா, ரெட்ஹாட் ஆகிய லினக்ஸ் வகைகளில் எஸ்.இ.லினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கினால் கோப்புறைக்குச் சாம்பாவுக்குரிய லேபிள் இடப்பட்டிருக்கிறதா; பயனருக்கு லினக்ஸ் கணக்கு மட்டுமன்றிச் சாம்பாவுக்கான கடவுச்சொல்லும் 'எஸ்எம்பிபாஸ்வேர்டு' (smbpasswd) கட்டளையால் உருவாக்கப்பட்டிருக்கிறதா. லினக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ். முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே குறிப்பு: வழக்கமான அமைப்பில் அது பயனரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. ஒரே ஆளுக்கு ஒரு கணினியில் 1001 என்றும் இன்னொன்றில் 1002 என்றும் எண் இருந்தால் சர்வருக்கு அவர்கள் இருவர்.

கேட்பவரின் கணினியிலேயே காரணம் இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆக்டிவ் டைரக்டரி டொமைன் இல்லாத இடத்தில், சர்வரில் உள்ள கணக்கின் கடவுச்சொல் காலியாக இருந்தால் விண்டோஸ் அதை நெட்வொர்க் வழியாக ஏற்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த கணினியாக இருந்தால், தினமும் உள்நுழையப் பயன்படுத்தும் பின் எண் இங்கே செல்லாது; கணக்கின் கடவுச்சொல்லைத்தான் தர வேண்டும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் இணைய முயன்றால் 1219 என்ற பிழை வரும். பழைய இணைப்பைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்திருக்கும் பழைய பெயரையும் அழிக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்த பிறகு, கடவுச்சொல் இல்லாமல் கெஸ்ட்டாகத் திறந்துகொண்டிருந்த பழைய நாஸ் பெட்டிகள் திடீரென்று மறுக்கத் தொடங்கியதைப் பலர் பார்த்திருப்பார்கள். கெஸ்ட் அனுமதியைக் கணினியில் மறுபடி திறந்துவிடும் வழிகள் கிடைக்கும். அதைச் செய்யாமல் பெட்டியில் முறையான கணக்குகளை உருவாக்குங்கள். விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை இயக்கச் சொல்லும் ஆலோசனைகளையும் ஒதுக்குங்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரான வானாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

வானாக்ரை போன்ற ரான்சம்வேர் என்றதும் எழுதும் அனுமதியின் இன்னொரு முகமும் சேர்ந்தே வருகிறது. அப்படி ஒன்று ஓர் ஊழியரின் கணினியில் புகுந்தால், அவரால் எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் உள்ள கோப்புகளை அதுவும் பூட்டும். அதற்கு மேல் எந்தத் திறமையும் அதற்குத் தேவையில்லை. எல்லோருக்கும் எழுதும் உரிமை கொடுத்த பகிர்வு, எவரோ ஒருவர் தவறான இணைப்பைச் சொடுக்கினால் முழுவதும் போகும். காப்புநகல்கள் வைக்கும் பகிர்வில், அந்த வேலைக்கென்று உருவாக்கிய கணக்கைத் தவிர எவருக்கும், அன்றாடம் பயன்படுத்தும் நிர்வாகிக் கணக்குக்கும்கூட, எழுதும் உரிமை இருக்கக் கூடாது.

அமைத்து முடித்தபின் சோதிக்கும் முறையைச் சொல்லி நிறுத்துகிறேன். விண்டோஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' என்ற தாவலில் ஒருவரின் பெயரைக் கொடுத்தால், அவருக்கு உண்மையில் கிடைக்கும் உரிமைகளைக் கணக்கிட்டுக் காட்டும். விண்டோஸ் சர்வர் 2012 முதல், ஓர் உரிமை பகிர்வு நிலையில் தடுக்கப்படுகிறதா கோப்பு நிலையில் தடுக்கப்படுகிறதா என்பதையும் பக்கத்திலேயே சொல்லும். அதோடு திருப்தி அடையாமல், எழுதுவோர் குழுவில் இரண்டு சோதனைக் கணக்குகளும் வாசிப்போர் குழுவில் ஒன்றும் உருவாக்கி, வேறொரு கணினியிலிருந்து பகிர்வுப் பாதை வழியாகவே உள்ளே வாருங்கள். முதல் கணக்கில் எக்செல் கோப்பு ஒன்றை உருவாக்கிச் சேமியுங்கள். இரண்டாவது கணக்கில் அதே கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்து, பெயரை மாற்றி, பிறகு மேல்மட்டக் கோப்புறையை இழுத்து நகர்த்த முயலுங்கள். மூன்றாவதில் திறந்து பார்த்து, சேமிக்கவும் புதிய கோப்பு உருவாக்கவும் முயலுங்கள். இரண்டாவது கணக்கால் சேமிக்கவும் பெயர் மாற்றவும் முடிந்து நகர்த்த மட்டும் மறுக்கப்பட்டால், மூன்றாவது கணக்கால் வாசிக்க மட்டும் முடிந்தால், அமைப்பு சரி. இரண்டாவது கணக்கில் சேமிப்பு தோற்றால், கோப்புறையில் டி.எம்.பி. கோப்புகள் மிஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள்: மிஞ்சியிருந்தால் நீக்கும் உரிமை விடுபட்டிருக்கிறது, எதுவுமே உருவாகவில்லை என்றால் அந்தக் கணக்கு எழுதுவோர் குழுவிலேயே இன்னும் சேரவில்லை, அல்லது சேர்ந்தபின் மறுபடி உள்நுழையவில்லை.